சீன ஜாடியின் முதுகுப் பக்கம்

1969. செவ்வாய்க்கிழமை காலை 9.10. ஆயுதபூஜை லீவு முடிந்து திருவள்ளூர் மியூசியத்தைத் திறந்ததும் திறவாததுமாக, கூட்டிப் பெருக்கும் குப்பம்மாள் போட்ட கூச்சல் தெருவரைக்கும் கேட்டது. பழவேற்காட்டில் தோண்டியெடுத்த ஐந்நூறு வருஷத்துச் சீனப் பூஜாடிகள் மூன்றில் ஒன்று தரையில் சில்லு சில்லாகக் கிடந்தது.

9.40. இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம் வந்தார்.

"துடைக்கறேன்னு இவதான் தள்ளி உடைச்சுட்டா," என்றார் காப்பாளர் ராமபத்ரன். "கம்ப்ளெயிண்ட் எழுதியாச்சு. சில்லை அள்ளிக் கொட்டிடலாமா?"

"இருக்கட்டும். சாவி யார்கிட்ட?"

"ஒரே சாவி, என்கிட்ட. சனிக்கிழமை பூஜை முடிஞ்சு பூட்டினேன். இன்னிக்குத்தான் திறந்தேன்."

குப்பம்மாளுக்குப் புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். இவள் ஜெயிலுக்குப் போனால் அதுகளின் கதி?

"நான் உள்ள வர்றப்பவே ஒடஞ்சி கெடந்துச்சி சார்."

"சனிக்கிழமை ஜாடியைத் தொட்டியா?"

"இல்ல சார்." சொல்லும்போதே அவள் கண் மிச்சமிருந்த இரண்டு ஜாடிகள் பக்கம் ஓடித் திரும்பியது.

ராஜமாணிக்கம் விடுவாரா? சுவரைப் பார்த்திருந்த ஜாடிகளின் முதுகைத் திருப்பினார். இரண்டிலும் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். பிறகு தரையில் உட்கார்ந்து சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொருத்த ஆரம்பித்தார்.

10.30. ராமபத்ரனை வெளியே அனுப்பினார்.

"பொட்டு வெச்சது நீதானே?"

அவள் காலில் விழுந்தாள். "ஆமா சார். தொடப்பம், பக்கெட்டு எல்லாத்துக்கும் வெச்சிகினு இதுங்கள மட்டும் உட மனசு வரல. தொட்டா வேல போயிடும்னு ஐயா சொல்லிருக்காரு. அதான் பின்னால... மூணுக்கும் வெச்சேன்."

10.35. ராமபத்ரனைக் கூப்பிட்டார்.

"நிஜ ஜாடி எங்கே சார்?"

ராமபத்ரன் தரையிலிருந்த சில்லுகளைக் காட்டினார்.

"சனிக்கிழமை மூணு ஜாடிக்கும் பொட்டு. இந்தச் சில்லுல ஒண்ணுலகூடச் சந்தனக் கறை இல்லை. அப்போ உடைஞ்சது போலி ஜாடி. மாத்தினது இவளா இருந்தா, அதுக்கும் ஒரு பொட்டு வெச்சிருப்பா. லீவுல பூட்டைத் திறக்க உங்களாலதான் முடியும். நிஜ ஜாடியை அவசரமா தூக்கினீங்க, முதுகைப் பார்க்கலை."

1.15. செவ்வாப்பேட்டையில் ராமபத்ரன் வீட்டுப் பரணிலிருந்து, சுற்றின துணி பிரிக்காமலே ஜாடி வந்தது. ராமபத்ரன் ஜீப்பில் ஏறினார்.

"நீ வீட்டுக்குப் போம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

குப்பம்மாள் நகரவில்லை.

"ஜாடிய தொட்டேன்னு எழுதிட்டியா சார்?"

"எழுதாம எப்படிம்மா? அதனாலதானே நீ தப்பிச்சே."

"அப்ப என் வேல?"