நனையாத சட்டை

பத்து நிமிடம் தூறலில் நின்றுவிட்டு பஸ்ஸில் ஏறிய சாம்சனின் சட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

இம்ரான் அதைக் கவனித்தான், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்சரிவை ஒதுக்கும் வரை நின்றிருந்த பஸ் மறுபடி உறுமிக் கிளம்பியது. காலையில் டேராடூனில் ஏறியவர்கள். இன்னும் மூன்று மணி நேரம் போனால் மலையேற்றம் தொடங்கும் கிராமம். மணி நாலுதான் ஆகியிருந்தது. ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே பாதையும் தெரியவில்லை, பள்ளத்தாக்கும் தெரியவில்லை. வடிகஞ்சியை ஊற்றியது மாதிரி ஒரே மூடுபனி. உள்ளே டீசல் புகையும் ஈரக் கம்பளியும் யாரோ எடுத்த வாந்தியும் கலந்து குமட்டின.

முன் சீட்டில் கௌதம்ராஜ் வாந்தி மாத்திரை போட்டுவிட்டு வாயைப் பிளந்து தூங்கினான். மூவரும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள். இம்ரானுக்கும் கௌதமுக்கும் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில்லில் வேலை. சாம்சனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் கடை. ஞாயிறுதோறும் செண்பகத்தோப்பு மலையில் ஏறிப் பழகித்தான் இமயமலைக்குக் கிளம்பினார்கள். கடையை மூடிவிட்டு வர சாம்சனுக்கு மனமே இல்லை. அவன் அம்மா கிருபாபாயிடம் பேசிச் சம்மதம் வாங்கி இழுத்து வந்தது இம்ரான்தான்.

"குளுருதாலே?" என்று சாம்சனிடம் கேட்டான் இம்ரான்.

பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். மெதுவாகச் சாய்ந்து இம்ரானின் தோளில் தலையை வைத்தான். இரண்டு ஸ்வெட்டரைத் தாண்டிக் குளிர் இறங்கியது. தூர்வாராத கிணற்றின் சேற்று வாடை அவன் தலைமுடியிலிருந்து வந்தது.

இம்ரானின் போன் அதிர்ந்தது. திரையில் சாம்சன் பெயர்.

"ஏலே இம்ரான்! பஸ்ஸ எடுத்துட்டுப் போயிட்டீயளேலே! கத்திக்கிட்டே ஓடியாந்தேன். ஒண்ணுமே தெரியல. பக்கத்துல தண்ணி ஓடுத சத்தம் மட்டும் ரொம்பக் கீழ கேக்குது."

அதே குரல். மூச்சு வாங்கும்போது வரும் அதே விசில்.

தோளில் தலை இன்னும் கனத்தது.

இம்ரான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. எழுந்தான். கௌதமின் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

"சாம்சன் கீழ நிக்காம்லே! எந்திரி!"

கௌதம் அரைக்கண் திறந்து பின்னால் பார்த்தான். "இந்தா இருக்காம்லா... செத்த நேரம் தூங்க விடு." கண் மூடிக்கொண்டது.

"ரோக்கோ! பையா, ரோக்கோ!" தெரிந்த இந்தி அவ்வளவுதான். பஸ் குலுங்கி நின்றது. டிரைவர் ஏதோ திட்டினார். கதவு திறந்தது. இம்ரான் கௌதமின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். மூட்டைபோலக் கிடந்தான். போனில் சாம்சன் அழத் தொடங்கியிருந்தான்.

இம்ரான் குதித்தான். பஸ் நகர்ந்தது. அது எழுந்து போய் கௌதமின் பக்கத்தில் உட்காருவதைக் கண்ணாடி வழியே பார்த்தான்.

"கௌதம், எறங்குலே!"

பனி பஸ்ஸை விழுங்கியது.

பிறகு ஓடினான். வந்த வழியே, பாறையை ஒட்டி, தடுக்கித் தடுக்கி. "அழாதலே, வாரேன். எங்கயும் அசையாத. போன வச்சிராத."

வளைவு. இன்னொரு வளைவு.

திடீரென்று அழுகை நின்றது.

"அப்பாடா, வந்துட்டியாலே," என்றான் சாம்சன். "இப்பத்தாம்லே உசுரு வந்துச்சு."

இம்ரான் நின்றான். எதிரே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை.

"சாம்சன். நான் இன்னும் வரலலே."

போனில் சாம்சனின் மூச்சு விசிலடித்தது.

"பொறவு... எங் கையப் பிடிச்சிருக்கது யாருலே?"

"ஒதறு! கைய ஒதறிட்டு ஓடியாலே!"

"விட மாட்டேங்கான். பல்லக் காட்டுதான். இம்ரான்... அதுக்கு ஒம் மூஞ்சி."

காற்று ஒருமுறை வீசியது. பனி விலகியது.

இருபதடி தூரத்தில் தடுப்புச்சுவர் இடிந்த இடம். விளிம்பில் சாம்சன், காதில் போனோடு, உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றான். அவன் கையைப் பற்றியிருந்தது இம்ரான். இம்ரானின் ஸ்வெட்டர். இம்ரானின் தாடி. சின்னப் பிள்ளையை ரோட்டைத் தாண்டவைக்கிறவன்போல அவ்வளவு பதனமாக நின்றது.

அதன் காலடியில் ரோடு இல்லை. பள்ளத்தின் மேல், வெறும் காற்றில் நின்றது.

இன்னும் ஓரடி பின்னால் வைத்தது.

சாம்சனின் ஒரு கால் தரையை விட்டு எழும்பியது.