அசையாமல் நின்றவன்

ஞாயிறு, பகல் 12.10.

அலமாரியின் கண்ணாடிக் கதவு திறந்தபடியே இருந்தது. மேல்தட்டில், ஆறு பழம்பொருள்களுக்கு நடுவே, மெல்லிய தூசிக்கிடையே, உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. பின்பலகையில் குறுக்காகப் பதித்திருந்த பித்தளைப் பட்டை அங்கே எந்த மறைப்பும் இல்லாமல் மின்னியது. காலையில் அந்த இடத்தில் ஒரு வெள்ளிப் பன்னீர்ச் சொம்பு இருந்தது.

நீலகண்டன் கத்தவில்லை. கடையின் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வெளியே நின்ற வெள்ளைக்காரத் தம்பதியிடம் கண்ணாடி வழியாகக் கையை விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பினார்.

"ஆரும் வெளியில போகப்பிடாது."

உள்ளே அவரைத் தவிர நான்கு பேர். மாளவிகா, அவளுடைய மாணவர்கள் இரண்டு பேர், கடையாள் இசக்கிமுத்து.

யூதர்கள் வாழ்ந்த பழைய துறைமுகப் பகுதியான ஜூ டவுனில் அந்தப் பழம்பொருள் கடையைத் தொடங்கியவர் நீலகண்டனின் அப்பா. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். கடையிலிருந்த எல்லாவற்றுக்கும் விலை உண்டு, அந்தச் சொம்புக்கு மட்டும் கிடையாது. அது அவருடைய அம்மாவின் கல்யாணத்தில் பன்னீர் தெளித்த சொம்பு. கேட்டவர்களிடமெல்லாம் "அது கொடுக்கறதுக்கில்லே" என்பார். அதனாலேயே கேட்கிறவர்கள் கூடிக்கொண்டு போனார்கள்.

மாளவிகா அந்தக் கடையின் பின்னறையில் ஞாயிறுதோறும் போனில் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தாள். அதற்கு முன் காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் இரவு வேலை. பார்சல் வந்து சேரவில்லை என்று புகார் சொல்கிறவர்களிடம் விடியும்வரை பேச வேண்டும். ஒருநாள் ஷிப்டின் பாதியில் எழுந்து வந்தவள் திரும்பப் போகவில்லை. அந்த வேலை அவளிடம் விட்டுவைத்தது கண்ணுக்கடியில் கருவளையமும், யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பாத குணமும்தான்.

இப்போது அவள் முதலில் குற்றம் சொன்னது தன்னைத்தான். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுப் படம் கெடுகிறது, கதவைத் திறந்து வையுங்கள் என்று காலையில் கேட்டவளே அவள்தான்.

அன்றைய பாடம் ஷட்டர் வேகம். அதைக் குறைத்தால் கேமரா அதிக நேரம் பார்க்கும். ஓடும் தண்ணீர் பஞ்சாகும், ஓடும் வண்டி கோடாகும். பகல் வெளிச்சத்தில் அப்படி எடுத்தால் படம் வெளுத்துப்போகும், அதனால் லென்ஸின்மேல் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கிளிப் போல மாட்ட வேண்டும். மாளவிகாவிடம் இருந்தது ஒரே ஒரு கிளிப். அதை மாணவர்களிடம் கொடுத்து, ஸ்டாண்டையும் கொடுத்து, கடைக்குள் எதையாவது எடுத்து வாருங்கள் என்று அனுப்பியிருந்தாள். சேர்ந்தவர்கள் ஐந்து பேர் என்றாலும் அன்று வந்தது ஸ்ரீநாத்தும் ஸ்நேஹாவும்தான்.

பைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஸ்நேஹாவின் தோள்பையில் சாப்பாட்டு டப்பாவும் குடையும். ஸ்ரீநாத்தின் பையில் சார்ஜரும் தண்ணீர் பாட்டிலும். அவன் கறுப்புச் சட்டைப் பையைக்கூட வெளியே இழுத்துக் காட்டினான். இசக்கிமுத்துவிடம் பையே இல்லை. நீலகண்டன் அவன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். மற்ற இருவரை அவர் தொடவில்லை.

"எல்லாரும் எங்க இருந்தேள்?"

"நான் பின்னறையில," என்றாள் மாளவிகா. "நீங்க?"

"மாடியில. ஒரு ஜெர்மன்காரனுக்கு விளக்கு காட்டிண்டிருந்தேன். அவன் வாங்கலே. கூடவே எறங்கி வாசல்வரை கொண்டுவிட்டேன். அவன் கையில ஒண்ணும் இல்லே."

"நான் முன்னாடியே படம் எடுத்துட்டு டீச்சர்கிட்ட வந்துட்டேன். நடுவில ஒருதடவை பாத்ரூம் போனேன்," என்றாள் ஸ்நேஹா. பள்ளுருத்தியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறவள். கையில் குடையை மடித்து மடித்துப் பிரித்தாள்.

ஸ்ரீநாத் மட்டும் நிதானமாக இருந்தான். ஹோம்ஸ்டேக்களுக்கும் சின்ன ஹோட்டல்களுக்கும் உள்ளே அலங்காரம் செய்து கொடுப்பது அவன் தொழில். அன்று காலையில்தான் நீலகண்டனிடம் இடுப்புயரச் சீன பரணி ஒன்றை வாங்கியிருந்தான். அந்தப் பெரிய ஜாடி வைக்கோல் திணித்து, வாயைச் சாக்கால் கட்டி, கதவோரம் நின்றது. நாலு மணிக்குக் கலூரிலிருந்து வண்டி வரும்.

"அங்கிளே, எங்கிட்ட ஒரு போட்டோ உண்டு," என்றான் ஸ்ரீநாத். "பதினொண்ணரைக்கு எடுத்தது. கிளாஸ் குரூப்பில அப்பவே இட்டேன். பாருங்கோ."

எல்லோரும் குனிந்தார்கள்.

படத்தில் கடைக்கூடம். தூணில் சாய்ந்து இசக்கிமுத்து நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் தோளுக்குப் பின்னால் திறந்த அலமாரி, மேல்தட்டில் சொம்பு. அதன் கழுத்துக்குக் குறுக்கே மெல்லிய மஞ்சள் கோடு. மேலே மின்விசிறி சாம்பல்நிறத் தட்டுப்போல வட்டமாக. தூணுக்கு மறுபுறம் வாய் கட்டாத பரணி, பாதி வைக்கோல் பக்கத்தில். இடதுபக்கம் திறந்த வாசல் வழியே தெரு கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. எதிர்க்கடைப் பலகையைப் படிக்க முடிந்தது. ஓரத்தில் ஓர் ஆட்டோ.

"அப்போ சொம்பு இருந்தது. இவன் ஒருத்தன்தான் பக்கத்தில," என்றார் நீலகண்டன். "நீ?"

"வாசல்கிட்ட நின்னு ஒரு ஸ்நாப் எடுத்தேன், அத்ரதான். இந்த சேட்டனைப் பரணியைக் கட்டச் சொல்லிட்டு நேரே டீச்சர்கிட்ட போனேன். பின்னே நான் ஹாலுக்கே வரலை."

அது உண்மைதான். பதினொன்றரைக்குப் பிறகு அவன் மாளவிகாவின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

நீலகண்டன் இசக்கிமுத்துவின் பக்கம் திரும்பினார். "எவ்விடே வச்சிருக்காய்?"

"மொதலாளி, நான் எடுக்கல."

"நாலு மணிவரை நேரம். அதுக்குள்ள வரலேன்னா ஸ்டேஷனுக்கு போன் பண்ணுவேன்."

பகல் 1.00.

இசக்கிமுத்து பரணிக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருந்தான். தென்காசிப் பக்கத்து ஆள். இந்தக் கடைக்கு வருமுன் இதே தெருவில் இஞ்சிக் கிடங்கில் மூட்டை தூக்கியவன்.

"டீச்சர், ஒருதடவ ஸ்டேஷன்ல பேரு ஏறிட்டுன்னா இந்தத் தெருவுல ஒரு கடையும் என்னைய படி ஏத்தாது. ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான். அங்க போயி என்னத்தச் செய்ய?"

"எடுத்தீங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்களும் கேக்கியளா."

"எல்லார்கிட்டயும் கேப்பேன்."

"எடுக்கல."

"அந்தப் போட்டோவுக்கு எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"அவரு தூணுல சாஞ்சு நிக்கச் சொன்னாவ. ஆடாம அசையாம போனையே பாக்கணும்னாவ. கால்ல கொசு கடிக்கி, தட்டக்கூட விடல. நல்ல பாடு."

மாளவிகா எழுந்தாள். பின்னறைக்குப் போனாள். ஸ்நேஹா மேஜையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"உன் போனைப் பாத்தேன், இன்னிக்கு எடுத்த படம் ஒண்ணுமே இல்லை. ஏன் அழிச்சே?"

ஸ்நேஹாவின் முகம் சிவந்தது. "எல்லாம் வெள்ளையாப் போச்சு டீச்சர். வெறும் வெள்ளைக் கடுதாசி மாதிரி. நீங்க பாத்தா சிரிப்பீங்கன்னு டிலீட் ஆக்கினேன்."

"கிளிப் மாட்டலையா?"

"கிட்டினாத்தானே மாட்ட? அது முழுக்க ஸ்ரீநாத் சேட்டன் கையில. ரெண்டுதடவை கேட்டேன். பிடிச்சிட்டே நடந்தாரு, பிறந்தநாள் கேக் மாதிரி."

மாளவிகா தன் போனில் குரூப்பைத் திறந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். வாட்ஸாப்பில் வந்த படத்தில் ஷட்டர் விவரம் எதுவும் ஒட்டியிருக்காது. ஸ்ரீநாத்தைக் கூப்பிட்டு அசல் கோப்பைக் கேட்டாள்.

"போன்ல இடம் இல்லை டீச்சரே. அனுப்பினதும் கேலரியிலேருந்து களைஞ்சேன்."

"பரவாயில்லை. சும்மா ஸ்நாப்தானே."

"அதே. ஸ்நாப்."

அவன் போன பிறகு அவள் மறுபடியும் படத்தைப் பார்த்தாள். விசிறியைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். அன்று துறைமுகத்துக்குச் சுற்றுலாக் கப்பல் வந்திருந்தது. காலையில் ஜூ தெருவுக்குள் நுழைய அவள் ஆட்களை முழங்கையால் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருந்தது. இப்போதும் வெளியே இரைச்சல் அடங்கவில்லை. படத்தில் அந்தத் தெருவில் ஒரு ஆள்கூட இல்லை.

அவள் சொம்பின் கழுத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். பிறகு எழுந்து கூடத்துக்குப் போய், காலியான அலமாரியின் எதிரே வெகுநேரம் நின்றாள்.

மாலை 3.40.

சின்ன லாரி ஒன்று சந்தில் ஹாரன் அடித்தது. ஸ்ரீநாத் பரணியின் சாக்குக் கட்டைப் பிடித்தான்.

"ஒரு கை பிடி சேட்டா."

"அதை வை," என்றாள் மாளவிகா. "அங்கிள், வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொல்லுங்க. ஸ்நேஹா, நீயும் வா."

"எந்தா டீச்சரே? எனிக்கு நேரமாகுது."

"உன் படத்துக்கு மார்க் போடணும். நல்ல படம். ஆனா ஸ்நாப் இல்லை. தெருவைப் பாரு, ஸ்ரீநாத். கப்பல் வந்த ஞாயித்துக்கிழமை பதினொண்ணரைக்கு ஜூ தெரு காலியா? நின்ன ஆட்டோ இருக்கு, நடந்த சனம் எங்கே?"

ஸ்ரீநாத் தோளைக் குலுக்கினான்.

"ஷட்டர் திறந்திருக்கற நேரம் பூரா கேமரா பாத்துக்கிட்டே இருக்கும். நின்னது பதியும், நடந்தது கரையும். இத்தனை பேரும் கரையணும்னா பத்து பதினைஞ்சு நொடியாவது திறந்திருக்கணும். பகல் வெளிச்சத்துல அதுக்குக் கறுப்புக் கண்ணாடி வேணும். அது உன்கிட்டதான் இருந்தது."

"செரி, மெதுவா எடுத்தேன். மறந்துபோச்சு. அது தப்பா? அப்பவும் ஹால்ல இந்த ஆள் மட்டும்தானே?"

"மெதுவா எடுத்த படம் அதைச் சொல்லாது. அசையாம நின்னவர் இவர் மட்டும்தான்னு சொல்லும். கறுப்புச் சட்டையில ஒருத்தன் இருட்டுப் பலகைக்கு முன்னால ரெண்டு நொடியில வந்துட்டுப் போனா, தடமே இருக்காது."

நீலகண்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மோளே, ஆனா சொம்பு படத்தில இருக்கே. அதுக்கப்பறம்தானே போயிருக்கணும்?"

"கழுத்துக்குக் குறுக்கே மஞ்சள் கோடு இருக்கே, அது என்ன?"

"வெளிச்சம் பட்டதாக்கும்."

"அலமாரியைப் பாருங்க."

அவர் திரும்பினார். பின்பலகையில் பித்தளைப் பட்டை, சொம்பின் கழுத்து இருந்திருக்க வேண்டிய அதே உயரத்தில்.

"சொம்பு இருந்தா பட்டையை மறைச்சிருக்கணும். மத்த ஆறு பொருளும் மறைக்குது. இது மறைக்கலை. சொம்பு வழியா பட்டை தெரியுது. வெள்ளி கண்ணாடி இல்லையே அங்கிள். பாதி நேரம் இருந்தது பாதியாத்தான் பதியும். ஷட்டர் திறந்திருக்கும்போதே அதை எடுத்துட்டாங்க. முதல் பாதியில கேமரா சொம்பைப் பார்த்தது, அடுத்த பாதியில வெறும் பலகையை."

ஸ்நேஹா தன் போனில் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு மெல்ல வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இசக்கி அண்ணன் எடுத்திருந்தா கையாவது கரைஞ்சிருக்கும். விரல் நகம்வரை துல்லியமா இருக்கு. அந்த நேரத்துல திருடியிருக்கவே முடியாத ஆள் இந்தக் கடையில ஒருத்தர்தான், அது இவர்." மாளவிகா இசக்கிமுத்துவிடம் திரும்பினாள். "நடுவுல திரும்பப் பாத்தீங்களா?"

"பொறத்தால பலகை கிரீச்சுன்னுது. திரும்பப் போனேன். அசையாதீங்க அண்ணாச்சின்னு சத்தம் கொடுத்தாவ."

"அந்தக் குரல் எங்கேருந்து வந்தது? போன் பக்கத்துலேருந்தா?"

இசக்கிமுத்து யோசித்தான். கண்கள் மெல்ல விரிந்தன. "இல்ல. என் முதுகுக்குப் பின்னாலேர்ந்து. ஸ்டாண்டுல போன வச்சிட்டு தூணுக்கு அந்தப் பக்கமா போனாவ, நான் போனையேதான பாத்துட்டு நின்னேன்."

"இத அப்பவே சொல்லக்கூடாதா?" என்றார் நீலகண்டன்.

"நீங்க என்கிட்ட கேட்டது ஒண்ணுதான மொதலாளி. எங்க வச்சிருக்கன்னு."

ஸ்ரீநாத் சிரிக்கப் பார்த்தான். "கதை கொள்ளாம், நல்லாருக்கு. பின்னே சொம்பு எங்கே? என் பையை எல்லாரும் பாத்தாச்சே."

"பையைப் பாத்தோம். நீ வாங்கின சாமானைப் பாக்கலை. படத்துல பரணி வாய் திறந்து நிக்குது, அலமாரிக்கும் போனுக்கும் நடுவுல. திரும்பி நடக்கற வழியில வைக்கோலுக்குள்ள ஒரு கை தாழ்ந்தாப் போதும். அப்புறம் கட்டச் சொன்னது இவரை. இவர் கையாலேயே மூடவெச்சே."

"டீச்சரே, நான்..."

"அண்ணா, அவிழுங்க."

இசக்கிமுத்து முடிச்சை அவிழ்த்தான். அவன் போட்ட முடிச்சு என்பதால் சீக்கிரம் அவிழ்ந்தது. வைக்கோலைப் பிடி பிடியாக வெளியே போட்டான். தோள்வரை கையை விட்டுத் துழாவினான். வெளியே வந்த கையில் சொம்பு இருந்தது. கழுத்தில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

ஸ்ரீநாத் பரணியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டான். ஹோட்டல்காரர் ஒருவர் இதேதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததையும், நான்குமுறை கேட்டும் அங்கிள் மசியாததையும் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"சின்ன ஸ்க்ரீன்ல பாத்தே," என்றாள் மாளவிகா. "நீ அதுல இல்லை, சொம்பு இருக்கு, பக்கத்துல இவர். அதுவே போதும்னு நினைச்சே. நடக்கற ஆள் மறைவான்னு பத்து மணிக்குச் சொன்னேன், பிடிச்சுக்கிட்டே. எடுத்த பொருள் பாதி மிச்சமிருக்கும்னு அடுத்த வாரம் சொல்றதா இருந்தேன்."

நீலகண்டன் ஸ்டேஷனுக்கு போன் செய்தார். சொன்ன பெயர் வேறு. பேசி முடித்து, சொம்பைத் துண்டால் துடைத்து, மேல்தட்டில் அதே வட்டத்தில் வைத்தார். பித்தளைப் பட்டை மறைந்தது. பிறகு அலமாரிச் சாவியை எடுத்து, இசக்கிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"பூட்டிடு."

இசக்கிமுத்து கையை நீட்டவில்லை.

"ஒங்ககிட்டயே இருக்கட்டும் மொதலாளி. நீங்களே பூட்டுங்க. தடவிப் பாத்த இடுப்புல சாவி நிக்காது."

அவர் பூட்டினார்.

மாளவிகா ஸ்டாண்டைப் பிரித்து மடக்கினாள். போலீஸுக்குத் தேவைப்படும், அலமாரி இப்போது இருக்கிறபடி ஒரு படம் எடுத்துவைக்கலாம் என்று போனைத் தூக்கினாள். தூணருகே நின்ற இசக்கிமுத்து திரையில் ஓரமாக வந்தான்.

"அண்ணா, ஒரு நிமிஷம் அப்படியே..."

"மாட்டேன் டீச்சர்," என்று அவன் கையை ஆட்டிக்கொண்டே நடந்துபோனான். "இனிமே யாரு சொன்னாலும் நிக்க மாட்டேன்."