முப்பத்தொன்று புள்ளி மூன்று

காலை ஒன்பது மணிக்கு வந்த பெண், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"தப்பு என்னோடதுதான் மேடம். நான் செஞ்ச வட்டம்தான் அந்தப் பூவைக் கெடுத்துது. அப்படின்னு நீங்க ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்துட்டா போதும்."

தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்திருந்த நாத்தனாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. குற்றவாளியே முதல் ஆளாக வந்து நின்றால் துப்பறிய என்ன மிச்சம் இருக்கிறது? இருபத்தெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கிடங்கையும் கவிழ்ந்த லாரியையும் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தவள் அவளுடைய அண்ணி. ஓய்வு பெற்ற பிறகும் எல்லோரும் அவளைச் சர்வேயர் என்றே கூப்பிட்டார்கள். ஒரு வழக்கு வந்தால் நாத்தனாருக்கு முதலில் மூக்கு வேர்க்கும், சர்வேயருக்குக் கடைசி வரை வேர்க்காது.

"முதல்ல உக்காரும்மா. எந்தப் பூ?"

மெல்ல மெல்ல விஷயம் வந்தது. அந்தப் பெண் செல்போன் செயலிகள் செய்பவள். அவள் அப்பா ஒரு பூப்பண்ணையில் பத்தொன்பது வருஷமாகத் தோட்டக்காரர். அங்கே கண்ணாடிக் கூடத்தின் சூடு, ஈரம் எல்லாவற்றையும் அவளுடைய செயலி வழியாகப் போனிலேயே வைக்கலாம். ஆறு வருஷம் காத்திருந்து பூத்த ஆர்க்கிட் ஒன்று அங்கே இருந்தது. நேற்று மாலை மூன்று நாற்பத்தேழுக்கு யாரோ இருபத்திரண்டு டிகிரியில் இருந்ததை முப்பத்தொன்று புள்ளி மூன்றுக்கு ஏற்றிவிட்டார்கள். ஹீட்டர்கள் எரிந்தன. ஆறு மணிக்குள் பூ துவண்டு தொங்கிவிட்டது.

"யார் ஏத்தினாங்கன்னு பதிவுல இருக்காதா?"

"நேரமும் எண்ணும் மட்டும்தான் இருக்கும் மேடம். எல்லாருக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. முதலாளி அப்படித்தான் வேணும்னார்."

இன்று பன்னிரண்டு மணிக்குப் பூப்பண்ணைச் சங்கத்தின் மற்ற பதினோரு பண்ணைக்காரர்களும் அந்தப் பூவைப் பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் அவர்களும் இந்தச் செயலியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. முதலாளியோ தீர்ப்பே எழுதிவிட்டார்: ஒன்று வட்டம் கோளாறு, இல்லையென்றால் தோட்டக்காரரின் நடுங்கும் கை கோளாறு. இரண்டில் ஒன்று இன்றே பண்ணையை விட்டுப் போக வேண்டும்.

"உங்க அப்பா என்ன சொல்றார்?"

"அவர்தான் பண்ணினேன்கிறார்."

"ஒரு பூவுக்கு ரெண்டு குற்றவாளி" என்றாள் சர்வேயர். "அந்த வட்டத்தைக் கொஞ்சம் காட்டு."

அந்தப் பெண் போனை நீட்டினாள். செட்டிங்ஸ் திரையின் நடுவில் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு போல ஒரு வட்டம், அதன் மேல் ஒரு குமிழ். மணியை விரலால் இழுத்து எண்ணை மாற்றும் ரெடிமேட் இழுப்புக் கோட்டைத்தான் முதலில் போட்டிருந்தாளாம். அப்பாவின் விரல் நடுக்கத்தில் எண் அங்கும் இங்கும் ஓடியது. அதனால் எட்டு மாதம் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் தானே செய்து, புதிய செயலியைப் போன மாதம்தான் கொடுத்திருக்கிறாள். சும்மா உரசினால் குமிழ் அசையாது. பிடித்தால்தான் திரும்பும். நடுவில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் பதியும். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் நிமிர்ந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவள் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

நாத்தனார் ஆசையாகத் திருப்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு. டிக் என்று விரல் நுனியில் ஒரு துடிப்பு, இருபத்திரண்டரை. மறுபடி டிக், இருபத்து மூன்று. நல்ல கத்தரிக்கோல் கைக்கு அடங்குவது போல அடங்கியது. பொத்தானை அழுத்தாமலே திருப்பிக் கொடுத்தாள்.

பண்ணை அலுவலகத்தில் அவர்கள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரம் பத்து நாற்பதைக் காட்டியது. முதலாளி பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். வந்தவர்களுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே போனை எடுத்தார்.

"என்ன போச்சுன்னு முதல்ல பாருங்க மேடம்." கட்டைவிரலால் திரையை மேலே தள்ளினார். ஒரு கோடும் அதில் ஒரு மணியும் நழுவி மேலே போக, அடியில் பூவின் படம் வந்தது. ஊதாவும் வெள்ளையுமாக, நிஜமாகவே கண் பறிக்கும் பூ. "நேத்து சங்கக் கூட்டத்துல காட்டாத ஆள் இல்லை. நாப்பது கிலோமீட்டர் தள்ளி நான் பெருமையா காட்டிட்டிருக்கேன், இங்க பூவைக் கொன்னுட்டாங்க."

"போன்ல நிறைய சிவப்புப் புள்ளி இருக்கே" என்றாள் சர்வேயர்.

"புதுசு போடு, புதுசு போடுன்னு நச்சரிக்கும். எனக்குப் பழசே போதும். நான் எதையும் மாத்தறதில்லை."

நாத்தனார் இதையெல்லாம் சரியாகக் கவனிக்கவில்லை. அவள் கண் முதலாளியின் மருமகன் மேல் இருந்தது. மேனேஜர் வேலை பார்க்கும் அந்த மாப்பிள்ளை, மூன்று நாற்பத்தேழு என்ற பேச்சு வந்தபோதெல்லாம் காலண்டரைப் பார்த்தார்.

கண்ணாடிக் கூடத்தில் ஹீட்டரின் மெயின் சுவிட்சை நேற்றே அணைத்துவிட்டிருந்தார்கள். தோட்டக்காரர் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். வலது கை விரல்கள் ஓயாமல் நடுங்கின. ஆனால் கழுவிய தொட்டி ஒவ்வொன்றும் அலுங்காமல் வரிசையில் போய் உட்கார்ந்தது.

"நான்தாம்மா. கை நடுங்கிடுச்சு. பொண்ணு செஞ்சதுல குறை இல்லை."

"எத்தனைக்கு வெச்சீங்க?"

"அது... முப்பதோ, முப்பத்தொண்ணோ."

"அப்பா, பேசாம இருங்க" என்றாள் மகள்.

வெளியே வந்ததும் நாத்தனார் அண்ணியின் காதருகே போனாள். "மாப்பிள்ளைதான் அண்ணி. கேட்டுட்டேன். மூணே முக்காலுக்கு எங்க இருந்தீங்கன்னதும் முகம் வெளுத்துப்போச்சு. பேக்கிங் ரூம்ல மூட்டை மேல தூங்கிட்டிருந்தாராம். மாமனார்கிட்ட சொல்லிடாதீங்கன்னு கெஞ்சறார்."

"அப்ப அவர் உண்மையைத்தான் சொல்றார். பொய் சொல்றவன் இன்னும் கௌரவமா ஒண்ணைச் சொல்லுவான்." சர்வேயர் நடந்துகொண்டே கேட்டாள். "நீ வட்டத்தைத் திருப்பினப்ப ஒரு டிகிரிக்கு எத்தனை டிக்?"

"ரெண்டு."

"நடுவுல எங்கயாவது நிறுத்த முடிஞ்சுதா?"

"விடலையே. அதுவே போய் உக்காந்துக்குது."

சர்வேயர் அலுவலகத்தை நோக்கித் திரும்பி நடந்தாள்.

பதினொன்றரை மணிக்கு எல்லோரையும் அலுவலக மேஜையைச் சுற்றி உட்காரவைத்தாள்.

"எல்லாரும் அவங்கவங்க போனை எடுங்க. ஹீட்டர் அணைஞ்சிருக்கு, பயமில்லை. முப்பத்தொண்ணு புள்ளி மூணுல வையுங்க பார்க்கலாம்."

தோட்டக்காரர் குமிழைப் பிடித்தார். விரல் நடுங்கியது, ஆனால் எண் நடுங்கவில்லை. டிக், முப்பத்தொன்று. டிக், முப்பத்தொன்றரை. பின்னால் வந்தார், முன்னால் போனார். நடுவில் நிற்க மறுத்தது. மாப்பிள்ளை விரலை மாற்றி மாற்றிச் சுழற்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மகள் தன் போனைத் தொடவே இல்லை. அவள் வாய் திறந்தது. சர்வேயர் ஒரு விரலை லேசாகத் தூக்கியதும் மூடிக்கொண்டாள்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு எண்ணை வைக்க இத்தனை பேரா? எட்டு மாசம் செஞ்ச லட்சணம் இதுதானா? இங்க பாருங்க." கட்டைவிரலால் மணியை நகர்த்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி, போனை மேஜை நடுவில் வைத்தார். முப்பத்தொன்று புள்ளி மூன்று. "முடிஞ்சுது. எப்படி?"

"ரொம்ப நல்லா செஞ்சீங்க ஐயா" என்றாள் சர்வேயர். "இந்த ரூம்லயே உங்களால மட்டும்தான் முடியுது."

முதலாளி சிரித்தார். பிறகு அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார்.

"இந்தப் பொண்ணோட வட்டம் அரை டிகிரிக்கு ஒரு தடவைதான் நிக்கும். அப்பா கை நடுங்கினாலும் எண் நடுங்கக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கா. அதுல புள்ளி மூணு வரவே வராது. அந்த எண் வரணும்னா பழைய இழுப்புக் கோட்டுலதான் வரணும். அது எங்க வேணும்னாலும் நிக்கும், விரல் பட்டாலே பதிஞ்சுடும். இங்க பழசை வெச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தான். பூவோட படம் கோட்டுக்குக் கீழ இருக்கு. படத்தைக் காட்ட ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம்தான் கட்டைவிரலைத் தேய்க்கிறீங்க, சில தடவை மணி மேலயே பட்டுடுது. நேத்து கூட்டத்துல மூணு நாப்பத்தேழுக்கு யார்கிட்டயோ காட்டினீங்க."

"அது எப்படி... அத்தனை தூரத்துல இருந்து..."

"எங்க இருந்தாலும் வேலை செய்யும்னுதானே இதை வாங்கினீங்க? இன்னைக்குப் பதிவைப் படிம்மா."

மகள் படித்தாள். குரல் கொஞ்சம் உடைந்தது. "பத்து நாப்பத்தொண்ணு. இருபத்தாறு புள்ளி எட்டு. அப்புறம் இப்ப வெச்சது."

பத்து நாற்பத்தொன்றுக்குத்தான் அவர் இதே அறையில் சர்வேயருக்குப் பூவைக் காட்டினார். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. தன் கட்டைவிரலைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வேயர் மகளிடம் திரும்பினாள். "எண் நேத்தே உன் கையில இருந்தது. செஞ்சவளே நீதான். ஏன் தெரியலை சொல்லட்டுமா? அப்பா கைதான்னு நீயும் நம்பிட்ட. அதனால புள்ளிக்குப் பின்னால பார்க்கலை. அவர் உன் வட்டத்துல ஏதோ கோளாறுன்னு நம்பினார். ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தத்தான் பார்த்தீங்க, நம்பலை."

மகள் தலை குனிந்தாள். அப்பா நடுங்கும் கையை அவள் தோளில் வைத்தார்.

"ஐயா" என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அந்த அறையில் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "என் கையாலயே தப்பு பண்ண முடியாதபடி செஞ்சிருக்கா என் பொண்ணு. அந்தச் செடியில கீழ் கணுவுல இன்னொரு மொட்டு இருக்கு. சூடு அதைத் தொடலை. மூணு வாரத்துல பூக்கும். நான் இருந்தா பார்த்துக்குவேன்."

தான் தைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு யாரோ மேடை ஏறியது போல நாத்தனாருக்குப் பெருமையாக இருந்தது, அவள் தைத்தது எதுவும் அங்கே இல்லாவிட்டாலும்.

மகள் எண்ணை மறுபடி இருபத்திரண்டுக்கு இறக்கி வைத்தாள். பன்னிரண்டு மணிக்குப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள். நேற்று எவ்வளவு சத்தமாகப் பெருமை பேசினீர்களோ அவ்வளவு சத்தமாக இன்று நடந்ததைச் சொல்லுங்கள் என்று சர்வேயர் கேட்டிருந்தாள். முதலாளியும் கோணல் இல்லாத மனிதர்தான். கொல்லைப்புறம் வரை கேட்கும்படி சொன்னார்: பூவைக் கெடுத்தது என் விரல், பழியைச் சுமந்தது அவர் கை. பிறகு தன் போனைத் தோட்டக்காரரின் மகளிடம் நீட்டினார். "எனக்கும் அந்த வட்டத்தைப் போட்டுக் கொடும்மா." பதினோரு பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். டிக், டிக் என்று விரல்களில் துடிப்பதை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள்.

சர்வேயரும் நாத்தனாரும் வாசலுக்கு வந்தபோது அங்கே தோட்டக்காரர் நின்றிருந்தார். மண் ஏற்றி வந்த லாரி டிரைவரிடம் போனைக் காட்டிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் அதைச் செய்தது யார் என்று அவர் வெளியே ஒருவரிடமும் சொன்னதில்லையாம்.

"எல்லாம் என் பொண்ணு செஞ்சது. கீழ பூவோட படம்கூட இருக்கு, பாருங்க" என்று நடுங்கும் விரலால் திரையை மேலே தள்ளினார். வட்டத்தின் மேல் விரல் உரசிக்கொண்டு போயிற்று. நாத்தனார் எட்டிப் பார்த்தாள். எண் இருபத்திரண்டிலேயே இருந்தது.