முள்செடியில் கட்டிய ரிப்பன்

ப்ரியம்வதாவுக்குப் பதினொரு வயது. கோடை விடுமுறையில் மான் பார்ப்பதற்காக, அப்பாவோடு சுபே என்ற சின்ன ஊருக்கு வந்திருந்தாள். புனேயில் அவர்கள் வசிக்கும் வானவடியில் எந்நேரமும் ஸ்கூட்டர் சத்தம். இங்கே ஒரே ஒரு கடைத்தெரு. அதைத் தாண்டினால் காய்ந்த புல்வெளிதான்.

கடைத்தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் விடியும்போதே புல்வெளிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"சத்தம் போடாம வா. மான் ஓடிடும்," என்றார் அப்பா சூர்யநாராயணன்.

"நீங்க தும்மாம இருந்தா போதும்ப்பா."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அப்பா தும்மினார். தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு மான்களும் பாய்ந்து மறைந்தன.

"நான் போய் அதுங்க எங்கே நிக்கறதுன்னு பார்த்துட்டு வரேன். நீ இந்த மேட்டிலேயே இரு," என்று பைனாகுலரோடு நடந்தார் அப்பா.

ப்ரியம்வதாவால் சும்மா இருக்க முடியவில்லை. பாதையை விட்டு இறங்கி நடந்தாள். ஒரு பறவை கத்தியபடி அவள் தலைக்கு மேல் வட்டமடித்தது. குனிந்து பார்த்தால், கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள்! கூடுகூட இல்லை. வெறும் தரையில் சின்னக் குழி.

அப்பாவுக்குக் காட்ட வேண்டுமே! ஆனால் திரும்பி வந்தால் இடம் தெரியாது. ஒரு பின்னலில் இருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து, பக்கத்து முள்செடியில் கட்டிவிட்டு ஓடினாள்.

அப்பாவைத் தேடிப் பிடித்து அழைத்து வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

ரிப்பன் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. பறவை தரையில் இறங்கி, முட்டைகளை நோக்கி நாலடி ஓடியது. ரிப்பன் படபடத்ததும் மிரண்டு பறந்தது. மறுபடி இறங்கியது. மறுபடி மிரண்டது.

குழியருகே ஒரு காக்கை. இவர்களைக் கண்டதும் அது பறந்தது. மூன்று முட்டைகள் இருந்தன. நான்காவதின் ஓடு மட்டும் உடைந்து கிடந்தது.

"ஆட்காட்டிக் குருவியோட முட்டை," என்றார் அப்பா மெதுவாக. "காக்கா தின்னதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"ரிப்பன் கட்டலேன்னா அம்மாக்குருவி இங்கேயே உட்கார்ந்திருக்கும்ப்பா."



ப்ரியம்வதா முடிச்சை அவிழ்த்தாள். முள் கீறியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. "சீக்கிரம் போயிடலாம்ப்பா. நாம இருந்தா அது வராது."

பாதைக்கு வந்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. அவள் வயதுப் பெண் ஒருத்தி குதித்து இறங்கினாள்.

"அந்தப் பறவை ஏன் கத்துது? அங்கே முட்டை இருக்கா? வா, பார்க்கலாம்!" என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே ஓடப் போனாள்.

ப்ரியம்வதா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை.

"இருக்கு. என்னாலே ஒண்ணு போயிடுச்சு," என்றாள் ஹிந்தியில். "கிட்டே போகாதே. மேட்டிலேருந்து பைனாகுலர்ல காட்டறேன்."

அந்தப் பெண்ணின் பெயர் ராஜஸ்ரீ. அவள் பின்னாலேயே வந்தாள். மேட்டில் இருவரும் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். அப்பா மூக்கைக் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெகு நேரம் கழித்துப் பறவை இறங்கியது. நாலடி ஓடி நின்றது. சுற்றிலும் பார்த்தது. பிறகு மெல்ல இறகுகளை விரித்து முட்டைகள் மேல் உட்கார்ந்தது.

"உட்கார்ந்துடுச்சா? எத்தனை முட்டை?" என்று கிசுகிசுத்தாள் ராஜஸ்ரீ.

"நாலு இருந்தது," என்றாள் ப்ரியம்வதா. "இப்போ மூணு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பைனாகுலரை ராஜஸ்ரீயிடம் கொடுத்தாள்.