இலந்தை இலைத் தண்ணீர்

முதல் கோப்பைத் தண்ணீரைத் தலையில் ஊற்றியதுமே நௌஃபரின் மூக்கில் அந்த மணம் ஏறியது.

பகல் முழுக்கக் கருவாட்டு வாடியில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு உப்பும் கவிச்சியும் தவிர வேறொன்றும் மணக்க நியாயமில்லை. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் கட்டா மீனின் வாடை அவன் நகக்கண்ணை விட்டுப் போகாது. அப்படிப்பட்ட மூக்குக்கு, வாளியில் தளும்பிய கிணற்றுத் தண்ணீரிலிருந்து கசக்கிய இலந்தை இலையின் பச்சை மணம் வந்தது. அதற்குப் பின்னால் மெல்லிசாகக் கற்பூரம். இவை இரண்டும் ஒரு தண்ணீரில் சேர்வது ஒரே ஒரு வேலைக்குத்தான். மையத்தை, உயிர் போன உடலைக் குளிப்பாட்டுவதற்கு.

வாளியைக் கவிழ்த்துக் கொட்டினான். தண்ணீர் மணலில் ஊறிப்போனது. ஓர் இலைகூட இல்லை.

"ஸஹ்னா! இந்த வாளிய யாரு நிரப்பின?"

அடுப்பு எரிந்த குசினி வாசலில் நின்ற மகள் கையை நீட்டிக் கிணற்றைக் காட்டினாள். பதினைந்து வயது. தாய் மவுத்தாகி மண்ணுக்குள் போன நாளிலிருந்து அவள் தகப்பனோடு ஒரு சொல் கதைக்கவில்லை. காட்டிய கை அப்படியே நீண்டிருக்க, அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கிணற்றடியில்தான் அவன் பொஞ்சாதி றுமைஸா விழுந்தாள். விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னது நௌஃபர். பாசி வழுக்கியது, கல்லில் தலை அடிபட்டது என்றான். விசாரிக்க வந்தவரும் பாசியைக் குனிந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நுரைச்சோலைக் கரையில் வழுக்காத கிணற்றடி எங்கே இருக்கிறது? அதற்கு முன்பும் றுமைஸா நிறையத் தரம் விழுந்திருக்கிறாள். எல்லாவற்றையும் விழுந்தேன் என்றுதான் அவளே சொல்லியிருக்கிறாள். ஒரு பெருநாளுக்கு முதல் நாள் அவன் அவளுடைய வலக்கை மோதிர விரலை முறித்தான். கதவில் நசுங்கியது என்றாள். விரல் வளைந்தபடியே பொருந்திவிட்டது. வீடோ அவளுடையது. தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு ஓடிவந்த அவள் வாப்பா, கல் கல்லாகச் சேர்த்து மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. வந்த மாப்பிள்ளை அந்த வீட்டுக்குள் வைத்தே அவளை அடித்தான்.

மையத்தைக் குளிப்பாட்டிய நேரத்தில்தான் அவனுக்கு உயிர் போய் வந்தது. கிணற்றடியைச் சுற்றி வெள்ளைச் சீலை கட்டியிருந்தார்கள். அவன் வெளியே நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். சீலைக்குள் எல்லாம் தெரியும். கழுத்து தெரியும், விலா தெரியும், பழையதும் புதியதும் தெரியும். குளிப்பாட்ட வந்த மர்ளியா மாமி ஈரக் கையோடு வெளியே வந்து அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போனாள். மையத்தில் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவள் தொழிலின் கட்டு. அந்தக் கட்டுத்தான் அவனைக் காப்பாற்றியது. ஆனால் உள்ளே தண்ணீர் அள்ளிக் கொடுத்தது யார் என்று அவன் யோசிக்கவேயில்லை. தாய்க்குச் செய்யும் கடைசி வேலை என்று மர்ளியா மாமி ஸஹ்னாவைத்தான் உள்ளே கூப்பிட்டிருந்தாள்.

அவளுக்காக ஓதிய கத்தம் முடிந்த பிறகுதான் அது தெரிய வந்தது. தெரிந்த அன்றே மகளுக்கு மாப்பிள்ளை பேசினான். பதுர்தீன், சிலாபத்தில் லொறி வைத்திருக்கிறவன், நாற்பதை எட்டியவன், முதல் பொஞ்சாதி அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு ஓடிப்போனவள். நிக்காஹ்வுக்குத் தகப்பன் கையெழுத்து வைத்தால் போதும், பிள்ளையின் வாய் தேவையில்லை. பேசாத வாய் சிலாபத்தில் போய்ப் பேசாமல் இருக்கட்டும் என்று நினைத்தான். நிக்காஹ் வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு.

அஸர் தொழுகை முடிந்து வெயில் சாயும் நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கத் தொடங்கியது. காற்றாலைக் காற்றாடிகளின் சுழற்சிக்கும் அப்பால் கடலின் இரைச்சலுக்கும் நடுவில், ஒரு கோப்பை, பிறகு ஒரு கோப்பை, பிறகு ஒரு கோப்பை, அவசரமில்லாமல், பலகையில் விழுந்து வழிந்து மணலுக்குள் இறங்கும் சத்தம். போய்ப் பார்த்தால் கிணற்றடி காய்ந்து கிடந்தது. ஸஹ்னா குசினியில் இருந்தாள்.

அடுத்த நாள் விடிய அவன் வலது முழங்கையின் கீழே நான்கு கருநீலக் கோடுகள் இருந்தன. வாடியில் எங்கோ இடித்திருக்கும் என்று தேய்த்தான். வலித்தது. ஏனோ தன் இடக்கை விரல்களை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தான். அச்சொட்டாகப் பொருந்தின. அவனுடைய விரல்களேதான்.

அதற்கடுத்த நாள் வலது விலா. பிறகு இடது தோள். ஒவ்வொரு தடயமும் அவனுக்கு நன்றாகத் தெரிந்த தடயம். எந்த நாள், என்ன கோபம், எந்தக் கை என்று சொல்லிவிடுவான். நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாடிக்குப் போனான்.

"என்ன நானா, காதடி வீங்கியிருக்கு?" என்று அவனை அண்ணனாக நினைக்கும் வாடிப் பையன் ஒருவன் கேட்டான்.

"வழுக்கி விழுந்திட்டன்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவனுக்கு உறைத்தது.

அன்றைக்கே மர்ளியா மாமியின் வீட்டுக்குப் போனான். அவள் முற்றத்தில் நிக்காஹ்வுக்கென்று மருதோண்டி இலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாமி, நீங்க யாருக்கிட்டயாவது ஏதாச்சும் சொன்னீங்களா?"

"நான் கண்டது என்னோட கபுறுக்குழிக்கு வரும் தம்பி. ஒருத்தருக்கும் சொல்லல்ல." இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "தண்ணிச் சத்தம் கேக்குதா?"

அவன் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டான்.

"உடம்புல வலப்பக்கத்தால தொடங்குதா?"

"ஓம்."

"அப்ப குளிப்பாட்டுற முறை தெரிஞ்ச ஆள்தான்."

"ஆம்புள மையத்த ஆம்புளதானே குளிப்பாட்டுற?" ஏன் அதைக் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஓம். பொம்புளைக்கு அதுல இடமில்ல." அவள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "பொஞ்சாதிக்கு மட்டும் இருக்கு."

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு கரண்ட் போனது. தூரத்தில் அனல்மின் நிலையத்தின் விளக்குகள் மட்டும் சீராக எரிந்தன. வீட்டுக்குள் கற்பூரம் மணத்தது. தலையணையில், சோற்றில், அவன் வாயில் ஊறிய எச்சிலில்கூட மணத்தது. பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இன்றைக்கு இதற்கொரு முடிவு கட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் நௌஃபர் கிணற்றடிக்கு நடந்தான்.

கிணற்றோரம் பள்ளிவாசலின் பலகை கிடந்தது. மையத்தைக் கிடத்தும் நீளப் பலகை. ஈரமாக இருந்தது. பக்கத்தில் நிறைந்த வாளி.

"ஸஹ்னா!" என்று கத்தினான். "இத யாரு கொண்டு வந்த? உன்னய இண்டைக்கு..."

கையை ஓங்கினான். பாசி வழுக்கியது.

கல் தலையில் பட்ட சத்தம் அவனுக்கே கேட்டது. வலி வரவில்லை. வானம் தெரிந்தது. பிறகு வானத்தின் ஓரங்களில் வெள்ளைச் சீலை தெரிந்தது. சுற்றிவரச் சீலை. முதுகுக்குக் கீழே பலகை. எப்போது ஏறிப் படுத்தான்? கையை அசைக்கப் பார்த்தான். அசையவில்லை. நாக்கும் அசையவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவது நன்றாகத் தெரிந்தது.

நான் மவுத்தாகல்ல. நான் மவுத்தாகல்ல.

வலது தோளில் தண்ணீர் விழுந்தது. குளிர். இலந்தை இலை.

மகள்தான் ஊற்றுகிறாள் என்று நினைத்தான். கண்ணை மட்டும் உருட்டினான். சீலைக்கு வெளியே, அந்தி வெளிச்சத்தில், ஸஹ்னாவின் நிழல் நின்றது. அன்றைக்கு அவன் நின்ற அதே இடம். அவள் அசையாமல் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படியென்றால் உள்ளே?

இன்னொரு கோப்பை. வலது விலா. ஒரு கை அவன் மேல் வழித்துவிட்டது. மெதுவாக. தடயம் தடயமாக. எதையும் தவறவிடாமல்.

முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் உயிர் துள்ளியது.

"புள்ள, மருதோண்டி கொண்டு வந்திருக்கன்." மர்ளியா மாமியின் குரல். "என்ன இது, சீலை கட்டியிருக்கு?"

"உள்ள போகாதீங்க மாமி." ஸஹ்னாவின் குரல். எவ்வளவு நாளைக்குப் பிறகு. "உம்மா குளிப்பாட்டுறா."

மாமி, நான் உயிரோட இருக்கன். மாமி. தொண்டைக்குள் சொல் புழுவாக நெளிந்தது. வெளியே வரவில்லை. ஆனால் அவனுடைய மூச்சின் இரைப்பு சீலைக்கு வெளியே கேட்டிருக்க வேண்டும். கட்டாயம் கேட்டிருக்க வேண்டும்.

நிழல்கள் இரண்டும் அப்படியே நின்றன.

"அப்ப சரி புள்ள," என்றாள் மர்ளியா மாமி. "பொஞ்சாதிண்ட உரித்து அவக்கு இருக்கு. நான் ஒண்டையும் வெளிய சொல்ல மாட்டன்."

பையிலிருந்து மருதோண்டி இலையைக் கீழே கொட்டும் சத்தம். செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

"உம்மா," என்றாள் ஸஹ்னா. "தண்ணி காணுமா? இன்னும் அள்ளித் தரவா?"

இடது தோளில் தண்ணீர் விழுந்தது.

பிறகு தண்ணீர் நின்றது. கற்பூரம் தடவிய பஞ்சு அவன் முகத்துக்கு மேலே வந்தது. நௌஃபர் மூச்சை இழுத்தான். இன்னொரு தரம் இழுத்தான். பஞ்சைப் பிடித்திருந்த விரல்களில் ஒன்று, மோதிர விரல், வளைந்து பொருந்திய விரல், அவன் இடது மூக்கை நிதானமாக அடைத்தது. பிறகு வலது மூக்குக்கு வந்தது.