ஏழு கல்லறைகளுக்கு ஒரு பேரன்

ஆவி பறக்கும் மீன் கஞ்சியில் சுவையே இல்லை என்பதை லிம் பூன்-ஹாய் மூன்றாவது வாயில்தான் உணர்ந்தான். இஞ்சி அரிந்து போட்டிருந்தது, வெங்காயத்தாள் மிதந்தது, மீனோ அன்று காலை சீனத்தின் அமோய்த் துறையில் துடித்துக்கொண்டிருந்த மீன். ஆயினும் நாவில் ஒன்றும் படவில்லை. யாரோ சுவையை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தை அவன் முன் நகர்த்தி வைத்ததுபோல் இருந்தது.

"உப்புப் போட்டியா?"

"ரெண்டு தடவை போட்டேங்க." மனைவி சியூ-லியன் குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். "பெரியவங்களுக்கு வெச்சுட்டுத்தானே உங்களுக்கு வெக்கிறேன்."

"எந்தப் பெரியவங்க?"

"உங்க வீட்டாளுங்கதான். இத்தனை பேர் இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க?"

அவள் பார்வை போன இடத்தை அவனும் பார்த்தான். சுவரோரம் ஏழு காலி முக்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கிண்ணம்.

அந்த ஏழு பேரைப் பற்றி அவன் அவளிடம் சொன்னதே இல்லை.

எதிர்த் தீவின் சரிவில் ஒரு வெள்ளைக்கார வியாபாரி மாளிகை கட்ட இடம் தேடினான். அங்கே கேட்பாரற்ற கல்லறைகள் ஏழு இருந்தன. வாரிசு ஒருவன் ஒப்பாமல் அவற்றைத் தோண்டலாகாது என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வியாபாரியிடம் பேச்சை மொழிபெயர்க்கும் துபாசியாக இருந்த பூன்-ஹாய், அந்தச் சரிவிலேயே ஊதுவத்தி கொளுத்தி, மண்டியிட்டு, "இவர்கள் என் முன்னோர், நான் இவர்களின் பேரன்" என்று சத்தியம் செய்து, தோண்ட ஒப்புதலும் கொடுத்தான். கல்லில் இருந்த பெயர்களைக்கூட அவன் படிக்கவில்லை. அன்று மாலையே தலைமைத் துபாசி ஆனான். மறுவாரம் மகன் பிறந்தான். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் பிறந்த மகன். இன்று அவனுக்கு மாதம் நிறைகிறது.

கஞ்சியை அப்படியே வைத்துவிட்டுப் பூன்-ஹாய் படகுத்துறைக்கு விரைந்தான்.

தீவில், தோண்டிய எலும்புகளை ஜாடிகளில் அடுக்கும் தியாம், கொட்டகை வாசலில் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தான். பின்னால் மாளிகைக்குக் கல் கொத்தும் ஓசை இடைவிடாமல் கேட்டது.

"வாங்க துபாசியாரே! தாத்தா பாட்டியப் பாக்க வந்தீங்களா? இங்க ஒருத்தரும் இல்லையே."

"கிண்டல் பண்ணாதே, தியாம். வீட்டுக்கு வந்திருக்காங்க."

"பின்ன எங்க போவாங்க? அறுபது வருஷமா ஒரு பிடி சோறு இல்லாமக் கெடந்தவங்க. பேரன் வந்துட்டேன்னு நீங்களே போய்ச் சொன்னீங்க. அவங்க வீட்டையும் இடிச்சீங்க."

"எப்படி அனுப்புறது?"

தியாம் கத்தியைக் கீழே வைத்தான். "நீதிக் கச்சேரிக்குப் போங்க. அதிகாரி முன்னால, நான் செஞ்சது பொய்ச் சத்தியம், இவங்க எனக்கு யாரும் இல்லைன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. போயிடுவாங்க."

"தோலை உரிச்சுடுவான். பதவி?"

"பதவி இருக்காது." தியாம் மீண்டும் காயைச் சீவினான். "ஆனா இன்னிக்கே சொல்லிடுங்க. புள்ளைக்கு மாசம் நெறையுதாமே? மொட்டை அடிச்சதும் பெரியவங்க மடியிலதானே போடுவாங்க? பசிச்சுக் கெடந்தவங்க கையில கொடுத்தா மிச்சம் என்ன வரும்?"

திரும்பும் படகைச் சுற்றிப் பனிமூட்டம் கவிந்திருந்தது. துடுப்பின் ஓசையும், தொலைவில் கல் கொத்தும் ஓசையும், தன் மூச்சும் தவிர அவனுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. கரையேறிக் கச்சேரி வாயிலுக்கு நேரே போனான். உள்ளே யாரோ ஒருவன் மூங்கில் கழியால் அடி வாங்கிக்கொண்டிருந்தான். ஓர் அடி. ஓர் அலறல். மீண்டும் ஓர் அடி. பூன்-ஹாய் தன் புதுப் பட்டு அங்கியின் நுனியைப் பற்றியபடி நெடுநேரம் நின்றான். நாளை சொல்லலாம். மடியில் போடாமல் தடுத்துவிட்டால் போதும். நாளை.

வீதித் திருப்பத்திலேயே குழந்தையின் அழுகை கேட்டது.

ஓடினான். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஈரச் செம்மண் வாடை மூச்சை அடைத்தது. நிலைப்படியின் குறுக்கே, பூசை மாடத்தில் வைத்து வணங்கும் அவன் தகப்பனாரின் நினைவுப் பலகை குப்புறக் கிடந்தது. அவரை வெளியே தள்ளியிருந்தார்கள்.

"மெதுவா வாங்க," என்றாள் சியூ-லியன். அவள் முகம் மலர்ந்திருந்தது. "வரிசையா வாங்கிக் கொஞ்சுறாங்க."

முதல் முக்காலிக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், வெறுங்காற்றில் குழந்தை கிடந்தான். மொட்டைத் தலைக்கடியில் ஏதோ தாங்கியிருந்தது. வீறிட்டு அழுதான்.

"தூக்குடி அவனை!"

"பெரியவங்க கையிலேர்ந்தா? பேரன்னு அவங்ககிட்ட சொன்னது நீங்கதானாமே?"

குழந்தை இரண்டாவது முக்காலிக்கு நகர்ந்தான். அழுகை சற்றுத் தணிந்தது.

மூன்றாவது. இன்னும் தணிந்தது.

"பொய்!" என்று கத்தினான் பூன்-ஹாய். "நான் சொன்னது பொய்! நீங்க எனக்கு யாரும் இல்லை!" ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இது கச்சேரி அல்ல. எட்டிப் பிடிக்கப் போனான். முழங்கால்கள் தாமாக மடங்கின. நெற்றி தரையில் பட்டது. பேரனுக்குரிய வணக்கம்.

நான்காவது. முனகல்.

ஐந்தாவது. ஆறாவது.

ஏழாவது முக்காலியின் மேல் குழந்தையின் வாய் அகலத் திறந்திருந்தது. நாக்கு துடித்தது. சத்தம் இல்லை.

சியூ-லியன் சிரித்தபடி உள்ளே போனாள். ஒரு குட்டி முக்காலியைக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் போட்டு, அதன் முன் ஒரு குட்டிக் கிண்ணமும் வைத்தாள்.