நெற்றியில் ஒட்டிய ரோமாபுரி

"ஐயோ மாமா… எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே!"

பந்தல் அதிர அலறிக்கொண்டு ஓடி வந்தான் அசோக்குமார்.

பரவை ஊரில், வீட்டு நடுக்கூடத்தில், ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார் தாய்மாமன் நல்லகாமன். மாரடைப்பு என்று ஊர் நம்பியது.

விடிகாலையில் தலையணையை அமுக்கியவன் யாரென்று அவருக்குத் தெரியும். அவர் எங்கே சொல்லப்போகிறார்?

எல்லாம் ஒரு காசுக்காக!

இரண்டாயிரம் வருஷத்து ரோமாபுரி வெள்ளிக்காசு. குதிரையேறிய இரட்டைச் சாமி பொறித்தது. ஜூபிடர், மினர்வா, அப்பல்லோ என்று அவன் சேர்த்த வரிசையில் இது ஒன்றுதான் இல்லை. நேற்று மாமா படம் அனுப்பி வெறுப்பேற்றினார். கெஞ்சினான்.

"செத்தாலும் தரமாட்டேன்டா!"

செத்தார்.

ஆனால் தூக்கி வந்த காசு டப்பாவைத் திறந்தால்… காலி! அப்போதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மாலையோடு குனிந்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மாமாவின் நெற்றியில் சந்தனத்தில் ஒட்டியிருந்த காசில்… இரண்டு குதிரை!

அடப்பாவிகளா! ஒரு ரூபாய்க்குப் பதிலாக இதையா ஒட்டினீர்கள்?

"வண்டி வந்திருச்சு மச்சான்," மாமன் மகள் அஸ்வினி விசும்பினாள். "முகத்தைப் பாத்துக்கங்க."

பெட்டியைத் திறந்தார்கள். இப்போது விட்டால் காசும் சேர்ந்து எரிந்துவிடும்!

"என்னையும் கூட்டிட்டுப் போங்க மாமா!"

பாய்ந்தான். கட்டிக்கொண்டான். நெற்றியில் அழுத்தி ஒரு முத்தம். நிமிர்ந்தபோது காசு அவன் நாக்குக்கு அடியில்!

"அம்புட்டுப் பாசம்…" மூக்கைச் சிந்தினாள் பக்கத்து வீட்டு ஒச்சம்மாள்.

"மச்சான், அப்பா நெத்திக்காசு எங்க?"

"ம்… ம்ம்…"

"வாயைத் தொறங்க." அழுதுகொண்டிருந்த பெண்கள் நடுவிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "இன்ஸ்பெக்டர் சத்யப்ரியா!"

மடக்! விழுங்கிவிட்டான்.

"எ… என்கிட்ட ஒண்ணுமில்ல மேடம்!"

"வயித்துல இருக்கே!"

அஸ்வினி கண்ணைத் துடைத்தாள்.

"டப்பாவைக் காணோம்னதுமே ஸ்டேஷனுக்குப் போன் போட்டுட்டேன். காசு இருக்கிறதே எனக்கும் உங்களுக்கும் மட்டுந்தான் தெரியும். இங்க உள்ளவங்களுக்கு அது வெறும் நெத்திக்காசு. எங்க அப்பாவைப் போயி… ஒரு காசுக்கா?"

"அது ஒரிஜினல் ரோமாபுரிக் காசு அஸ்வினி!" தன்னை மறந்து கத்தினான் அசோக்குமார்.

"போலி மச்சான். அப்பா முன்ன ஏமாந்து வாங்குனது. நாந்தான் நெத்தியில ஒட்ட வச்சேன். ஒரிஜினல், போட்டோ எடுக்க நான் எடுத்து வச்சது, என் பீரோவுல இருக்கு."

அசோக்குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"வந்திருக்கிறது போஸ்ட்மார்ட்டத்துக்குக் கொண்டு போற வண்டி," என்ற சத்யப்ரியா, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏட்டையா! இவருக்குள்ள எறங்கியிருக்கிற சாமி மலையேறணும்… ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிட்டு வாங்க!"